அரைப்பேர்

ஒப்பிட்டுப் பார்க்க
மலையில் அசையாத மண் ஒரு பிடி வேண்டும்.
வெட்டாத, கொத்தாத, மழை கழுவாத
அறுபது வருட மண்.
டன்ஹோப் தோட்டம் முழுக்க அலைந்து
கடைசியில் கண்டுபிடித்தது
துரைமாரின் கல்லறைப் புல்வெளி.
அந்தப் புல்லை வெட்டுவதற்கென்றே
ஒரு பெயர் இன்றைக்கும் செக்ரோலில் இருக்கிறது.

இரும்புக் குழாயைச் சம்மட்டியால் இறக்கினேன்
ஒரு ஸ்கொட்லாந்துக்காரரின் கால்மாட்டில்.
காய்ச்சலில் போனவர். வயது இருபத்தாறு.

பிறகு பதினாலாம் நம்பர் மலை.
இங்கேயும் புதைத்திருக்கிறார்கள் என்றார்கள்.
இடம் காட்ட எவருக்கும் முடியவில்லை.
செடிக்கு நடுவிலதான் மிஸ்,
எங்கயாச்சும் குத்துங்க.

அறுபத்துமூன்றில் பெய்த மழை.
எங்கோ ஒரு பாலையில், ஒரு பனிக்கடலில்
வெடித்துப் பார்த்தவர்களின் தூசு
உலகைச் சுற்றி வந்து
பெரட்டுக் களத்திலும் பிள்ளைக் காம்பராவிலும்
பெரிய பங்களாவின் ரோஜாப் பாத்தியிலும்
ஒரே அளவாய் இறங்கியது.
இந்த மலையில் எல்லாருக்கும் சமமாய்ப் பங்கிட்டது
அது ஒன்றைத்தான் நான் அறிவேன்.
சீசியம்: களியைப் பிடித்தால் விடாது.
மண் போனால் கூடவே போகும்.
அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.
குண்டு வெடித்தவன் யோசிக்காமல் விட்டுப்போன தடத்தை வைத்து
மலை எவ்வளவு தேய்ந்தது என்று
கணக்குப் பார்ப்பது.

கொழும்பில், ஈயப் பெட்டிக்குள்,
டப்பா ஒன்றுக்கு ஒரு பகலும் ஓர் இரவுமாய்
கருவி காது கொடுத்துக் கேட்டது.
கல்லறை மண் தெளிவாய்ப் பேசியது.
பதினாலாம் நம்பர் முணுமுணுத்தது.
நான்கு விரற்கடை மண்
ஆற்றோடு போயிருந்தது.

தலவாக்கலையிலிருந்து வரும் மாத இதழுக்கு எழுதினேன்.
ஆசிரியர் அருமைச்செல்வம் வைத்த தலைப்பு
'நமது தேயிலையில் அணுகுண்டு!'
அடித்தேன். திரும்பப் போட்டார். திரும்ப அடித்தேன்.
ஏற்றுமதிக் கந்தோரிலிருந்து ஒரு பணிவான குரல்:
அந்தச் சொல்லே வேண்டாமே, டொக்டர்.
இரண்டு பேருக்கும் நடுவில் நின்று
ஒரு வாக்கியம் எழுதினேன், சரியான வாக்கியம்:
'இந்த அளவு எவருக்கும் தீங்கு செய்யாது.'

அடுத்த கிழமை
அது மட்டும், பெரிய எழுத்தில், என் பெயரோடு
கொழுந்து மடுவத்தில் ஒட்டியிருந்தது.
நான்கு விரற்கடையைக் காணவில்லை.
கத்தரி நேராக வெட்டியிருந்தது.
தீங்கில்லையென்று டொக்டரே எழுதிவிட்டார்,
இனிக் கான் வெட்டவில்லையென்று யாரும் வரவேண்டாம்
என்றாராம் சின்னத்துரை.

நிறுவைக்கு நின்ற ஞானசோதி என்னைப் பார்த்தார்.
"முழுசையும் வாசிச்சேன் மிஸ், புத்தகத்துல.
அரைவாழ்வுன்னு போட்டிருக்கீங்களே,
அரைப்பேர் மாதிரியா?"
அன்றைக்கு அவருக்குப் பதினாறு கிலோ. இரண்டு குறைவு.
கணக்கப்பிள்ளையின் பேனா
ஏற்கெனவே பாதி நாளைத் தின்றிருந்தது.

இல்லை என்றேன்.
முப்பது வருடத்தில் பாதி போகும்.
இன்னும் முப்பதில், மிச்சத்தில் பாதி.
தானாகக் குறையும், யார் கையெழுத்தும் வேண்டாம்.
"அப்ப நம்ம கடன் மாதிரி இல்ல" என்றார்.
வரிசை சிரித்தது.
சிரித்துவிட்டு
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
தராசைப் பார்த்தேன்.

இப்போது இரண்டாவது கட்டுரை.
தலைப்பு இல்லை.
தீங்கு என்ற சொல்லை எந்த வரியில் வைப்பது?
ஒன்றைக் கத்தரித்தால் பக்கத்து வரியும் கிழியும்படி
வாக்கியங்களை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
விகாரமாய் வருகிறது. இருக்கட்டும்.

வெளியே மழை.
மேலேயிருந்து சிவப்பாய் இறங்கும் தண்ணீர்
கீழே அணையில் போய் நிற்கும்.
அந்த அணையிலிருந்துதான்
என் மேசை விளக்குக்கு வெளிச்சம்.

எழுதி முடிப்பதற்குள்
கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.